எழுதப்படாத நிபந்தனை, எழுதப்படாத மறுப்பு: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் 1951ஆம் ஆண்டுப் பருவம் குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்வும் ஆய்வின் எல்லையும்

1951ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், கலிபோர்னியாவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, தான் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அத்தகைய அணிக்குப் பருவத்தின் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம் ஒன்றுக்கு வந்திருக்க வேண்டிய அழைப்பு வரவில்லை. சில வாரங்களில் பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில், அணியிலிருந்த இரு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் அழைக்கலாம் என்ற நிபந்தனை வாய்மொழியாக முன்வைக்கப்பட்டது என்பதையும், அணி அதை ஏற்க மறுத்தது என்பதையும் அந்த வீரர்கள் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நிகழ்வு பொதுவாக ஒரு வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. வீரம் அதில் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. எனினும், கல்லூரி விளையாட்டைப் பொறுப்பேற்று நடத்துபவர்கள் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று என்று கருதுகிறேன். நிபந்தனை விதித்தவர்கள் அதைத் தாளில் எழுதவில்லை. மறுத்தவர்களின் சார்பில் அவர்களுடைய நிறுவனமும் அந்த மறுப்பை எழுதி அறிவிக்கவில்லை. அதனால் மறுத்தவர்கள் முழு விலையையும் கொடுத்தார்கள், நிபந்தனை விதித்தவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்களின் பெயர்களை இங்கே தவிர்த்து, அவரவர் பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் ஆட்டமாகும். அக்காலத்தில் கல்லூரி அணிகளுக்குள் தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் தொடர்போட்டி எதுவும் இருக்கவில்லை. செய்தியாளர்களின் வாக்கெடுப்பால் தரவரிசை உருவாகும். பருவம் முடிந்தபின், புத்தாண்டு நாளையொட்டி, சில நகரங்களில் ‘பவுல்’ எனப்படும் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். அந்தந்த ஊரின் வணிகர்களும் பிரமுகர்களும் கொண்ட குழுக்களே தாம் விரும்பிய அணிகளை அழைக்கும். நுழைவுக் கட்டண வருவாயில் அணிகளுக்குப் பெரும் பங்கு கிடைக்கும் என்பதால், சிறிய கல்லூரி ஒன்றுக்கு அந்த ஒரே ஓர் அழைப்பு ஒரு பருவத்தின் கணக்கையே நேர்செய்துவிடக்கூடியதாக இருந்தது.

இந்த அமைப்பில் ஒரு நுட்பமான அடைப்பு இருந்தது. கலிபோர்னியாவிலேயே நடக்கும் ரோஸ் பவுல், 1947ஆம் ஆண்டு ஆட்டம் முதல், ஒப்பந்தப்படி இரண்டு பெரிய கூட்டமைப்புகளின் அணிகளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பையும் சேராதது. அதற்கு மிஞ்சியிருந்த பெரிய ஆட்டங்களான மயாமியின் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்சின் சுகர் பவுல், டல்லாசின் காட்டன் பவுல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல் ஆகிய அனைத்தும் தென்மாநிலங்களில் நடந்தன. இனப் பாகுபாடு அங்கே சட்டமாகவும் வழக்கமாகவும் நிலைத்திருந்தது. தென்மாநில அணிகள் கறுப்பின வீரர்களுடன் களமிறங்க மறுப்பதும், வடமாநில அணிகள் அந்த வீரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வருவதும் நெடுநாள் வழக்கமாக இருந்தன. அதற்குக் ‘கனவான்களின் உடன்பாடு’ என்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போதும் கை கூசுகிறது.

உடன்பாட்டில் விரிசல்களும் விழத் தொடங்கியிருந்தன. 1946இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணி, தன் கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வருமாறு கேட்ட மயாமி பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தை ரத்து செய்தது. அதே பென்சில்வேனியா அணி 1948இல் காட்டன் பவுலில் இரு கறுப்பின வீரர்களுடன் ஆடி 13–13 எனச் சமன் செய்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் லஃபாயெட் கல்லூரி, ஒரே ஒரு வீரரின் பொருட்டு, எல் பாசோ நகரின் சன் பவுல் அழைப்பை ஏற்க மறுத்தது. ஆகவே 1951இல் எழுந்த கேள்வி எவருக்கும் புதியதன்று.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855இல் இயேசு சபைத் துறவியரால் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம். அணியின் சொந்தக் களமாக விளங்கிய கெசார் அரங்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் அமரலாம். அதே அரங்கத்தில் 1946 முதல் நகரின் தொழில்முறை அணியும் ஆடிவந்ததால், ஒரே ஊரின் ரசிகர்களை இரண்டு அணிகளும் பங்கிட வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள விதி இடம்கொடுத்த காலம் என்பதால், தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி என்று ஆள்பலம் பெருகி, செலவும் பெருகியது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மற்றொரு கத்தோலிக்கக் கல்லூரியான செயிண்ட் மேரிஸ் 1950 பருவத்தோடு கால்பந்தை நிறுத்திவிட்டிருந்தது. பருவம் தொடங்கும் முன்பே அடுத்து யார் என்ற கேள்வி காற்றில் இருந்தது.

அணி உருவான விதம்

1948இல் பொறுப்பேற்ற பயிற்சியாளர், தொழில்முறையில் ஆடிய அனுபவமுள்ள கண்டிப்பானவர். முதல் பருவத்தில் அணி இரண்டு ஆட்டங்களில் மட்டுமே வென்று ஏழில் தோற்றது. அடுத்த இரு பருவங்களிலும் ஏழேழு வெற்றிகள் கிடைத்தன. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் அவர் தம் ஆட்களை வடகலிபோர்னியாவின் கார்னிங் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்று பயிற்சி முகாம் நடத்தினார். ஆலிவ் தோப்புகள் சூழ்ந்த அந்த ஊரின் கோடை வெயில் கடுமையானது. அந்த முகாமின் கொடுமையைப் பற்றிப் பேசாத முன்னாள் வீரர் இல்லை எனலாம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியப் போர்முனையைக் கண்டு திரும்பிய ஒருவரும் அந்த அணியில் இருந்தார். இத்தகைய ஆட்களைக் கொண்டு ஓடவும் முட்டவும் வைத்துக் கட்டிய அணி அது.

கறுப்பின வீரர்கள் இருவரும் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ஒன்றாக ஆடிவிட்டு வந்தவர்கள். ஒருவர் டெக்சாசில் பிறந்து சிறுவயதிலேயே சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். பந்தேந்தி ஓடுவதில் நாட்டிலேயே முன்னணியில் நின்றவர். மற்றவர் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத்தவர். உயர்நிலைப் பள்ளியில் கால்பந்தே ஆடாதவர். தடுப்பாட்டத்தில் எதிரணியை வீழ்த்துவதில் பெயர்பெற்றவர். அவர்கள் புதிதாகச் சேர்க்கப்பட்ட விருந்தாளிகள் அல்லர் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். 1951 பருவம் தொடங்கும்போது, மற்ற வீரர்கள் அவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் உண்டு, ஒரே வெயிலில் ஓடியிருந்தார்கள்.

பருவத்தின் போக்கு

ஒன்பது ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக விவரிக்கத் தேவையில்லை. பெரும்பாலானவை ஒருதலைப்பட்சமாக முடிந்தன. நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஆட்டம் மட்டுமே 32–26 என்ற நெருக்கமான வெற்றியாக முடிந்தது. ஆனால் அந்த ஆட்டமே இந்த ஆய்வுக்கு முக்கியமானது. கிழக்குக் கரையின் பத்திரிகையாளர்கள் பார்க்காத அணிக்குத் தரவரிசையில் இடமில்லை என்பதை அணியின் இளம் செய்தித்தொடர்பாளர் நன்கு அறிந்திருந்தார். அவர்கள் கண்முன்னே, எதிரணி உதைத்த பந்தை இருமுறை வாங்கி, ஒருமுறை 94 கெஜமும் மறுமுறை 90 கெஜமும் ஓடிச் சென்று அந்த ஓட்டக்காரர் புள்ளி ஈட்டினார்.

அதே அக்டோபர் மாதத்தில் ஓக்லகோமாவில் நடந்த வேறொரு ஆட்டத்தில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஒருவர், பந்து தம் கையில் இல்லாதபோதே எதிரணி ஆட்டக்காரரால் தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். அந்தத் தாக்குதலின் புகைப்படங்கள் நாடு முழுவதும் வெளியாயின. கல்லூரிக் கால்பந்தில் இனப் பாகுபாடு என்பது திரைமறைவுப் பேச்சாக மட்டும் இருந்த காலம் அந்த ஆண்டோடு முடிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 17 அன்று ஸ்டாக்டன் நகரில் பசிபிக் கல்லூரி அணியை 47–14 என்று வென்றபோது, பவுல் அழைப்பு உறுதி என்றே அணியினர் நம்பினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் பாசடீனாவில் லயோலா அணியை 20–2 என்று வென்று பருவத்தை முடித்தார்கள். ஓட்டக்காரரின் கணக்கில் 1,566 கெஜங்களும், எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்த 21 ‘டச்டவுன்’களும் இருந்தன. ஓட்டத்தில் அந்த ஆண்டு நாட்டில் அவருக்கு மேல் யாரும் இல்லை. ஆனாலும் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவருக்கு ஒன்பதாம் இடமே கிடைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் இறுதித் தரவரிசையில் அணிக்குப் பதினான்காம் இடம்.

நிபந்தனையும் மறுப்பும்

அழைக்கப்பட வேண்டுமானால் இரு கறுப்பின வீரர்களும் வரக்கூடாது என்ற செய்தி பயிற்சியாளரை எட்டியது. அது ஆரஞ்சு பவுல் தரப்பிலிருந்து வந்தது என்றே அணியினர் பலரும் நினைவுகூர்ந்துள்ளார்கள். பயிற்சியாளர் அதை அணியின் முன் வைத்தார். இருவரையும் விட்டுச் செல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அணி சொன்னது. விவாதமோ முறையான வாக்கெடுப்போ தேவைப்படவில்லை என்பது அவர்கள் பின்னாளில் சொன்ன செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது. அழைப்பின் வருவாய் கிடைக்காவிட்டால் அணியே நிலைக்காது என்பதை அறிந்தே அவர்கள் அதைச் சொன்னார்கள்.

இந்த முடிவு எளிதாக எடுக்கப்பட்டதற்குக் காரணம், அது அந்த நவம்பர் மாதத்தில் எடுக்கப்பட்டதன்று என்பதே என் எண்ணம். கார்னிங் முகாமிலும் பயண வண்டிகளிலும் மூன்று ஆண்டுகளாக ஒருவரையொருவர் பார்த்துப் பழகியவர்களிடம் அந்தக் கேள்வி வந்தபோது, பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பயிற்சியாளரின் கண்டிப்பும் இதில் பங்காற்றியிருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே அளவுகோலால் வாட்டியவர் அவர். இடத்தைத் தகுதியால் மட்டுமே பெற முடிந்த அணியில், தகுதியில் முதலிடம் பெற்ற இருவரை விலக்குவது எல்லோருடைய இடத்தையும் பொருளற்றதாக்கியிருக்கும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கேள்வியை அணியிடம் கொண்டுசென்றது மரியாதைக்குரிய செயல் என்றாலும், அது இருபதுகளில் இருந்த மாணவர்களின் தோளில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றிய செயலுமாகும். அதிலும் அந்த இருவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கள் பொருட்டு நண்பர்கள் எல்லோரும் ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள் என்ற சுமையை, அவர்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே சுமக்க நேர்ந்தது. அத்தகைய நிபந்தனையைப் பல்கலைக்கழகமே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தச் சுமை அவர்கள்மேல் விழுந்திருக்காது.

பின்விளைவுகள்

1952ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக் அணியும் பெய்லர் அணியும் ஆடின. ஜார்ஜியா டெக் 17–14 என்று வென்றது. இரண்டும் கறுப்பின வீரர் எவரும் இல்லாத தென்மாநில அணிகள். சான் பிரான்சிஸ்கோ அணி அழைக்கப்படாததற்கு, அது ஆடிய எதிரணிகள் வலுவற்றவை என்ற விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அட்டவணையில் ராணுவ முகாம் அணிகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த அணியிடம் 33 புள்ளி இடைவெளியில் தோற்ற பசிபிக் கல்லூரி, அதே புத்தாண்டு நாளில் சன் பவுலில் ஆடிக்கொண்டிருந்தது. நிபந்தனை எழுத்தில் இல்லாததால், வலுவற்ற அட்டவணை என்ற இந்தத் திரை பல பத்தாண்டுகள் கலையாமல் நின்றது.

பருவம் முடிந்த சில வாரங்களில், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் கால்பந்தை நிறுத்தியது. அது தனித்த முடிவன்று. லயோலா அதே பருவத்தோடும், சான்டா கிளாரா அடுத்த பருவத்தோடும் நிறுத்திக்கொண்டன. ஒரு பவுல் வருவாய் இந்தப் போக்கைத் தடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதிகம் போனால் ஓரிரு பருவங்கள் தள்ளிப்போட்டிருக்கும். மறுப்பே அணியைக் கொன்றது என்று சொல்வது கதைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்வது, பணத்துக்காகக் கொள்கையை விடுவதே நடைமுறை அறிவு என்ற தவறான பாடத்துக்கு இடம்கொடுத்துவிடும்.

அணியினரின் வாழ்க்கை அங்கே முடிந்துவிடவில்லை. பயிற்சியாளர் 1952இல் சிகாகோவின் தொழில்முறை அணியான கார்டினல்சுக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் வீரர் தேர்வின் முதல் சுற்றில் ஓட்டக்காரரும் அதே அணியால் எடுக்கப்பட்டார். அவர் அந்தக் கோடையில் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்றார். அந்த ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று வீரர்கள் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். செய்தித்தொடர்பாளராக இருந்த இளைஞர் 1960இல், தொழில்முறை அணிகளின் அமைப்பான தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

தடுப்பாட்டக்காரரின் பாதை வேறானது. 1952ஆம் ஆண்டு கோடையில் சிகாகோவில் நடந்த கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டத்தில் முழங்கால் முறிந்து, அவருடைய தொழில்முறை வாழ்க்கை தொடங்கும் முன்பே முடிந்தது. அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகவும் பின்னர் பள்ளி முதல்வராகவும் பணிசெய்தார். 1965இல் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். 1980இல், அந்தக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நடுவராகப் பணியாற்றிய முதல் கறுப்பினத்தவரும் அவரே. மூன்று பத்தாண்டுகளுக்கு முன் எந்தக் களத்தில் இறங்கக்கூடாது என்றார்களோ, அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய மேடையில் விதியை நிலைநாட்டும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. இந்த ஆய்வுக்காகப் படித்தவற்றுள் என்னை மிகவும் நெகிழச் செய்தது இதுவே.

எவற்றை மாற்றியிருக்கலாம்

முதலாவது, நிபந்தனையை எழுத்தில் தருமாறு பல்கலைக்கழகம் கேட்டிருக்க வேண்டும். வாய்மொழியாக வரும் இத்தகைய நிபந்தனையின் முழு வலிமையும் அது வாய்மொழியாக இருப்பதிலேயே உள்ளது. எழுதித் தரக் கேட்டால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். அப்போது, எழுத மறுத்தார்கள் என்பதையே பதிவு செய்திருக்கலாம்.

இரண்டாவது, மறுப்பை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். லஃபாயெட் கல்லூரியில் 1948இல் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். அழைப்பு ஏற்கப்படவில்லை என்று கேள்விப்பட்ட மாணவர்கள் திரண்டு காரணம் கேட்டார்கள், காரணம் வெளியே வந்தது, செய்தித்தாள்கள் எழுதின, பவுல் குழு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சான் பிரான்சிஸ்கோவிலோ, நகரின் செய்தியாளர்கள் சிலர் காரணத்தை அப்போதே பேசியும், அதற்கு நிறுவனத்தின் குரல் துணைநிற்கவில்லை.

மூன்றாவது, கேள்வி எழும் முன்பே, பருவத்தின் தொடக்கத்திலேயே, வீரர் எவரையும் விலக்கிக்கொண்டு ஆடுவதில்லை என்ற கொள்கையைப் பல்கலைக்கழகம் வகுத்திருக்க வேண்டும். மிஞ்சியிருந்த பெரிய பவுல் ஆட்டங்கள் அனைத்தும் தென்மாநிலங்களில் நடப்பதை அட்டவணை போடும்போதே எவரும் கண்டிருக்கலாம். அணி நன்றாக ஆடினால் இந்தக் கேள்வி வரும் என்பது செப்டம்பரிலேயே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

நிதி குறித்த முடிவையும் அணியிடம் மறைக்காமல், பவுல் அழைப்போடு முடிச்சுப்போடாமல், தனியே அறிவித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், தங்கள் மறுப்பால்தான் எல்லோருக்கும் எல்லாம் போயிற்று என்ற ஐயம் எவர் மனத்திலும் தங்கியிருக்காது.

பல்கலைக்கழகம் இந்தக் கடனைப் பின்னாளில் ஓரளவு தீர்த்தது. 2006இல் அந்த அணியினருக்குக் கௌரவ முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டன. தடுப்பாட்டக்காரர் 2009இல் காலமானார். வளாகத்தில் இருந்த ஒரு மாணவர் விடுதி, கலிபோர்னியாவை வெள்ளையருக்கே உரியதாக வைத்திருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த முன்னாள் மேலவை உறுப்பினர் ஒருவரின் பெயரை நெடுங்காலம் தாங்கி நின்றது. மாணவர்கள் அதை மாற்றக் கோரிப் போராடினார்கள். 2017 முதல் அந்த விடுதி தடுப்பாட்டக்காரரின் பெயரால் வழங்குகிறது.